தெரியாத நெட்வொர்க்குகள்

ஆட்கள் மட்டும் வராமல் இருந்தால், தான் அமைக்கிற வயர்லெஸ் நெட்வொர்க்கை அடித்துக்கொள்ள உலகத்தில் எதுவும் இல்லை என்பது டவரின் அசைக்க முடியாத கருத்து. மாநாட்டுக்கு முந்தைய நாள் மத்தியானம், மடிக்கணினியை இடது முழங்கையில் தாங்கிக்கொண்டு அந்தப் பெரிய அரங்கின் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே அவர் நடந்தபோது, அந்தக் கருத்துக்குச் சாட்சி சொல்வதுபோல் திரை முழுக்கப் பச்சையாக இருந்தது. கூரையில் வரிசையாகத் தொங்கிய, சிக்னலைப் பரப்பும் வெள்ளைப் பெட்டிகள் ஒன்று விடாமல் உயிரோடு இருந்தன. புதுக் கம்பளத்தின் பசை வாடை மூக்கைத் துளைத்தது. ஏணிக்காரர்கள் வேலை முடிந்து ஏணிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

“எவ்வளவு அழகா இருக்கு பாரும்மா,” என்றார் கூட வந்த பொறியாளரிடம். “நாளைக்குக் காலையில இந்த நாற்காலி ஒவ்வொண்ணுலயும் ஒரு தண்ணிப் பீப்பாய் வந்து உக்காரும். அத்தோட போச்சு.”

அவர் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும். காலி அரங்கில் ராஜாவாட்டம் ஓடுகிற நெட்வொர்க், கூட்டம் நிறைந்ததும் மூச்சு முட்டும். அதனால்தான் பெட்டிகளை நெருக்கி மாட்டுவதும், ஒன்றின் குரல் இன்னொன்றின் மேல் விழாமல் அடக்கி வைப்பதும். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். தொழிலில் இருக்கிற எல்லோரும் வருகிறவர்களைப் பீப்பாய் என்று கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

டவர் என்ற பெயரை அவருக்கு வைத்தவர்கள் அவரிடம் கேபிள் இழுக்கிற ஆட்கள். ஆள் உயரம் என்பது பாதிக் காரணம். யார் என்ன சொன்னாலும் குனிந்து கேட்க மாட்டார் என்பது மீதிக் காரணம். பெயர் அவர் காதுக்கு எட்டியபோது அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். தன்னை நோக்கிப் பாராட்டைத் தவிர வேறு எதுவும் வர வழியில்லை என்று நினைக்கிற பிறவி அது.

அவருக்கு யாரையும் பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. பிடிக்காமல் போவதற்கு முதலில் ஒருவரை ஆளாக மதிக்க வேண்டும். அந்தத் தொந்தரவையெல்லாம் அவர் வைத்துக்கொள்ளவில்லை. இந்த மாநாடு முதியோர் பராமரிப்பு பற்றியது. டாக்டர்கள், ஆஸ்பத்திரி முதலாளிகள், முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள், சக்கர நாற்காலி விற்கிறவர்கள் என்று நாடு நாடாக வரப்போகிறார்கள். “பெத்தவங்களை எங்க கொண்டு போய்த் தள்ளலாம்னு கண்ணீர் விட்டுப் பேசுவாங்க. பேசிக்கிட்டே மேசைக்கு அடியில மேட்ச் பாப்பாங்க. மேட்ச் நின்னா மட்டும் நம்மளைத் தேடுவாங்க,” என்றார். பொறியாளர் சிரிக்கவில்லை. கண்காணிப்புத் திரையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவரிடம் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. அவருடைய வாயில் அவள் இன்னமும் ‘ஏம்மா’தான். அவள் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

இந்த மாநாட்டில் அவருடைய சொந்தக்காரர்களும் இருந்தார்கள். வெளி மண்டபத்தில், ஸ்டால்களின் கடைசி வரிசையில், தூணை ஒட்டின மாதிரி ஒரு சின்ன ஸ்டால். அதைப் போட்டிருந்தவர்கள் அவருடைய ஒரே தங்கச்சியும் மாப்பிள்ளையும்.

மாப்பிள்ளை பிசியோதெரபி பார்க்கிறவர். ‘கை கால் பிடிச்சு விடறவர்’ என்பார் டவர், அவர் இல்லாதபோது. இருக்கும்போது ‘வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை’ என்று மரியாதைக்குக் குறைவே இருக்காது. தங்கச்சி ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் நல்ல வேலையில் இருந்தாள். வீட்டில் தனியாக இருந்து கீழே விழுந்து, விடியும்வரை தரையிலேயே கிடந்த வயசானவர்களை மாப்பிள்ளை தொழிலில் நிறையப் பார்த்திருந்தார். அதைப் பேசிப் பேசி இரண்டு பேருமாக ஒரு கருவி செய்தார்கள். இடுப்பில் கட்ட ஒரு பெல்ட். கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு பெட்டி. பெல்ட் கட்டியவர் விழுந்தால் பெட்டி ஊரைக் கூட்டும், பிள்ளைகளின் போனுக்கும் தகவல் போகும். வீட்டில் இன்டர்நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விழுந்தது தெரிய வேண்டும் என்று, பெட்டிக்கும் பெல்ட்டுக்கும் நடுவே தனியாக ஒரு குட்டி நெட்வொர்க்கையே தங்கச்சி எழுதியிருந்தாள். அதற்காக வேலையை விட்டாள். சொந்த வீட்டை விற்றுவிட்டு வாடகை மாடிக்கு மாறினார்கள்.

டவருக்கு இது போதாதா? முதலில் பார்த்த அன்றைக்கே அதைச் சைக்கிள் மணி என்றார். அப்புறம் கொசு விரட்டி என்றார். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், “கிழங்கட்டைகளுக்கெல்லாம் இடுப்புல கிலுகிலுப்பை கட்டி விடப் போறீங்களா மாப்பிள்ளை?” என்று கேட்டு மேசையையே அதிர வைத்தார். மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். கிண்டல் செய்தவர் மறுநாளே மறந்துவிடுவார். தான் எறிந்த கல் எங்கே விழுந்தது என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

மாநாட்டுக்கு முந்தைய வாரம் இரண்டு பேரும் அவர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தங்கச்சியின் முகத்தில் பல நாள் தூக்கம் பாக்கி இருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமத்தின் கொள்முதல் தலைவி இரண்டாம் நாள் முற்பகலில் ஸ்டாலுக்கு வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறாராம். அவர் தலையாட்டினால் அந்தக் குழுமத்தின் எல்லா ஆஸ்பத்திரிக்கும், எல்லா முதியோர் இல்லத்துக்கும் கருவி போகும். ஆட்டாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். தங்கச்சி மறுபடி வேலை தேட வேண்டும், பெட்டியும் பெல்ட்டும் பரணுக்குப் போகும். கையில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

டவர் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், எங்க பெட்டி அதோட சொந்த நெட்வொர்க்கைத்தான் போட்டுக்கும்,” என்றார் மாப்பிள்ளை. “உங்க நெட்வொர்க்குக்கு அதனால ஏதாவது இடைஞ்சல் வருமா?”

“ம்ம்.”

“வரும்ங்கிறீங்களா, வராதுங்கிறீங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. சாப்பிடுங்க.”

“அண்ணா, எதுக்கும் எங்க நெட்வொர்க் பேரை உன் ஆளுங்ககிட்ட சொல்லி வெச்சிடு,” என்றாள் தங்கச்சி. “கூட்டத்துல தெரியாத நெட்வொர்க்குன்னு யாரும் கை வெச்சிடக் கூடாது. அந்தம்மா முன்னாடி அது வேலை செய்யலேன்னா எல்லாம் போச்சு.”

“ம்ம். சொல்லிடறேன்.”

“பேரைக் கேக்கவே இல்லையே நீ?”

“அனுப்பி விடு.”

அவள் அங்கேயே அனுப்பினாள். செய்தி அவர் கையில் இருந்த போனிலேயே வந்து, வீடியோவின் மேல் விழுந்தது. டவர் அதைக் கட்டைவிரலால் ஈ ஓட்டுவதுபோல் ஓரமாகத் தள்ளிவிட்டு வீடியோவைத் தொடர்ந்தார். அண்ணன் சரி என்று சொன்னதில் தங்கச்சிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது.

மாநாட்டின் முதல் நாள், டவர் சொன்ன மாதிரியே, பீப்பாய்கள் வந்து உட்கார்ந்தன. தொடக்க விழாவிலேயே போன் திரைகளில் ‘பொறு, பொறு’ என்று சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொருவர் பையிலும் போன், டேப்லெட், மடிக்கணினி, கையில் கைக்கடிகாரம். ஒரு ஆள் ஒரு குடும்பத்துக்குச் சமம். மத்தியானத்துக்குள் மாநாட்டுச் செயலாளரே கட்டுப்பாட்டு அறைக்கு வந்துவிட்டார். மேடைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத, ஏசி எலும்பைக் கடிக்கிற ஒரு அறை அது. செயலாளர் காது மூக்கு தொண்டை டாக்டர், மெல்லப் பேசுகிறவர்.

“விருந்தாளி ஒருத்தர் வெளிநாட்டுல இருந்து வீடியோவுல பேசிட்டிருந்தார். வாயைத் திறந்தபடி அப்படியே நின்னுட்டார். ரொம்ப நேரம் அவரோட தொண்டையைத்தான் எல்லாரும் பாத்தோம்.”

“பாத்துடறேன் டாக்டர்,” என்றார் டவர் பணிவாக. “நாளைக்கு நீங்களே கூப்பிட்டுப் பாராட்டுவீங்க.”

செயலாளர் போனதும், “தொண்டை டாக்டருக்குத் தொண்டையைக் காட்டினா கசக்குதா?” என்றார். அறையில் இருந்த ஆட்கள் சிரித்தார்கள். சம்பளம் தருகிறவர் சொன்ன நகைச்சுவை அல்லவா.

காரணம் என்னவென்று அவருக்குத் தெரியாமல் இல்லை. நெட்வொர்க் மெதுவாகிறது என்றதும் ஆளாளுக்கு அவரவர் போனிலேயே ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டார்கள். சிக்னலுக்கு இருக்கிற பாதைகள் சில. தெரு நெரிசலாக இருக்கிறது என்று வீட்டுக்கு வீடு இன்னொரு வண்டியைத் தெருவில் இறக்கினால் நெரிசல் தீருமா? திரையில் தெரியாத நெட்வொர்க்குகளின் பட்டியல் மழைக்கு முளைத்த காளான் மாதிரி நீண்டுகொண்டே போனது. சாயங்காலம் பொறியாளர் அறிவிப்புப் பலகை ஒன்று எழுதி, ‘தயவுசெய்து ஹாட்ஸ்பாட்டை அணையுங்கள்’ என்று வாசலில் வைத்தாள். ஒருவரும் அணைக்கவில்லை. அதைப் படமெடுத்துத் தங்கள் ஹாட்ஸ்பாட் வழியாக நண்பர்களுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் காலையில் டவர் முடிவோடு வந்தார்.

“ஏம்மா, தெரியாத நெட்வொர்க்கை அடக்கற வசதி இருக்கு இல்ல, அதைப் போடு.”

பொறியாளர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “சார், அதுல ஹாட்ஸ்பாட் மட்டும் போகாது. ஸ்டால்காரங்க கருவிங்க நிறைய அவங்கவங்க சொந்த நெட்வொர்க்குல ஓடுது. நான் ஒரு சுத்து போய் எது எதுன்னு கேட்டுக் குறிச்சிட்டு வந்துடறேன். அப்புறம் போடலாம். அதோட, இதைச் செய்யக் கூடாதுன்னு அரங்கத்துக்காரங்க ஒப்பந்தத்துலயே இருக்கு சார்.”

“ஒப்பந்தத்தை எழுதினவனும் ஒரு பீப்பாய்தான். போடும்மா.”

அவள் போட்டாள்.

அந்த வசதி செய்கிற வேலை வெளியே சொல்லிக்கொள்ளக் கூடியதல்ல. கூரையில் தொங்குகிற பெட்டிகள், அடுத்தவன் நெட்வொர்க்கின் குரலிலேயே பேசி, அதோடு ஒட்டியிருக்கிற கருவிகளிடம் ‘இறங்கு, இறங்கு’ என்று ஓயாமல் சொல்லும். சொல்வது தங்கள் வீட்டு ஆள்தான் என்று நம்பி அவையும் இறங்கிவிடும். மறுபடி ஏறினால் மறுபடி ‘இறங்கு’. கொஞ்ச நேரத்தில் அந்த நெட்வொர்க் இருந்தும் பிணம்தான்.

பட்டியல் வரிசையாகச் சிவக்க ஆரம்பித்தது. டவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சினிமா பார்ப்பதுபோல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தார். “ ‘தனிச்சிங்கம்’. ஆளைப் பாத்தா பூனையா இருக்கும். போ. ‘அப்பா போன்’. அப்பா பாவம், பிள்ளை புடுங்கிட்டு வந்திருக்கான். போ. ‘தொடாதே’. தொட்டாச்சு, போ.” நடுவில் ஒரு பெயரில் நிறுத்தினார். “கிலுகிலுப்பையாமே! எந்த வயசுல இருக்கான் பாரு. போடா குழந்தை.”

கிலுகிலுப்பை சிவந்தது. அடுத்த நிமிஷமே வேறு பாதைக்குத் தாவிப் பச்சையாகி எழுந்து நின்றது.

டவர் கால்மேல் போட்ட காலை எடுத்தார். சாதாரண ஹாட்ஸ்பாட் இப்படிச் செய்யாது. அடித்தால் விழுந்து கிடக்கும். இதுவோ அடி விழுந்த இடத்தை விட்டுவிட்டு, காலியான பாதை எது என்று தேடிப் பார்த்துத் தாவுகிறது. அங்கேயும் அடித்தால், ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்து மறுபடி எழுகிறது. தன் கருவியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. பொறியாளரை எழுப்பிவிட்டு அவரே விசைப்பலகையில் உட்கார்ந்தார்.

“எவனோ விஷயம் தெரிஞ்சவன்மா,” என்றார். குரலில் அப்படியொரு மரியாதை. அந்த அறையில் யாரும் அதுவரை கேட்டறியாத மரியாதை. “இந்த மாநாட்டுக்கு வந்திருக்கிற மொத்தக் கும்பல்லயும் மண்டையில மூளை இருக்கிறவன் இவன் ஒருத்தன்தான். என்ன அழகா எழுதியிருக்கான் பாரு. இவனைப் பாத்து ஒரு கை குலுக்கணும்.”

“அப்ப அதை விட்டுடலாமே சார்? யாருதுன்னு பாத்துட்டு வந்துடறேன்.”

“விடறதா? நல்லா விளையாடறவனைத்தான் ஜெயிக்கணும்.”

மற்றதையெல்லாம் இயந்திரத்திடம் விட்டுவிட்டு, கிலுகிலுப்பையை மட்டும் தன் கையால் எடுத்துத் தனியாக வைத்தார். வெளி மண்டபத்துக் கூரைப் பெட்டிகள் அத்தனையையும் அதன்மேல் ஏவினார். எந்தப் பாதைக்குத் தாவினாலும் அங்கே ஒரு பெட்டி தயாராகக் காத்திருந்தது. அது தாவியது, ஒளிந்தது, எழுந்தது, மறுபடி தாவியது. கடைசியில் தாவ இடமில்லாமல் சிவந்து, சிவந்தபடியே கிடந்தது. டவர் பட்டியலின் உச்சியில் அதைப் பொருத்தி வைத்துவிட்டு, ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். பல வருஷமாக அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

அரங்கில் நெட்வொர்க் உண்மையாகவே பறந்தது. செயலாளரிடமிருந்து செய்தி வந்தது: ‘அற்புதம். அடுத்த வருஷமும் நீங்கள்தான்.’ டவர் அதை அறைக்கே படித்துக் காட்டினார்.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை நெருங்குகிற சமயத்தில் கதவு மெல்லத் திறந்தது. மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். “உள்ள வரலாமா மச்சான்?”

கோட்டுப் போட்டிருந்தார். முழங்கையிலும் முழங்காலிலும் கம்பளத்துப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு வெளியே இடுப்பில் அந்தப் பெல்ட். தோளில் ஒரு துணிப் பை, அதற்குள் பெட்டி.

“வாங்க மாப்பிள்ளை. என்ன இது, யார்கூடயாவது மல்யுத்தமா?”

“விழுந்தேன் மச்சான்.” அவர் சிரிக்க முயன்றார். “அந்தம்மா வந்திருந்தாங்க. நான் விழுந்து காட்டணும், பெட்டி அடிக்கணும், அதான் எங்க செய்முறை. விழுந்தேன். அடிக்கல. இன்னொரு தடவை விழுந்தேன். மல்லாந்து விழுந்து பாத்தேன், குப்புற விழுந்து பாத்தேன். சுத்தி நின்னவங்கல்லாம் போன்ல படம் எடுத்தாங்க. கடைசியில அந்தம்மாவே கை குடுத்துத் தூக்கி விட்டாங்க. ‘உங்களுக்கு அடி ஒண்ணும் படலையே?’ன்னு கேட்டாங்க. நல்லவங்க. ‘எங்க ஆஸ்பத்திரியில ஒரு அம்மா விழுந்து இப்படி அடிக்காம போனா நான் என்ன பதில் சொல்வேன்?’னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.”

பொறியாளர் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பட்டியலின் உச்சியைப் பார்த்தாள். “சார், உங்க நெட்வொர்க் பேரு...” என்று மாப்பிள்ளையிடம் ஆரம்பித்தாள்.

“நீ உன் வேலையப் பாரும்மா,” என்றார் டவர். மாப்பிள்ளைக்கு நாற்காலியைக் காட்டினார், அவர் உட்காரவில்லை. “நான் அன்னைக்கே நினைச்சேன் மாப்பிள்ளை, சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லல. இதெல்லாம் வீட்டுக் கூடத்துல வெச்சு விளையாடறதுக்குச் சரி. இவ்வளவு பெரிய கூட்டத்துல ஒரு நெட்வொர்க் தாக்குப் பிடிக்கணும்னா அதுக்கு அனுபவம் வேணும். இன்னைக்குக் காலையிலகூட ஒருத்தனைப் பாத்தேன். என்னா எழுத்து! அடிக்க அடிக்க எழுந்து நிக்குது. அந்த மாதிரி எழுதத் தெரியணும். தங்கச்சிக்கு அது வராது, பாவம். ஆஸ்பத்திரி மென்பொருள் வேற, இது வேற.”

“அவதான் மச்சான் உங்களைக் கூப்பிட்டுக்கிட்டு வரச் சொன்னா. ‘அண்ணன் பாத்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடும்’னா. உங்களைவிட்டா இந்த விஷயம் தெரிஞ்சவங்க எங்களுக்கு யாரு இருக்கா?”

அவர் முடிப்பதற்குள் தங்கச்சியே வந்துவிட்டாள். திறந்த மடிக்கணினி கையில் இருந்தது. அழுத முகம் இல்லை அது. கணக்குப் போட்டு முடித்த முகம்.

“அண்ணா, கோளாறு எங்க பெட்டியில இல்ல. யாரோ எங்க பெட்டியோட குரல்லயே பேசிப் பெல்ட்டை இறக்கி விட்டிருக்காங்க. இன்னமும் விட்டுக்கிட்டிருக்காங்க. இந்த மண்டபத்துக் கூரையில இருந்துதான் வருது. உன் ஆளு யாராவது தெரியாம...”

சுவரில் இருந்த பெரிய திரையை அவள் பார்த்துவிட்டாள். முதல் வரியில், சிவப்பில், தனியாகப் பொருத்தி வைத்திருந்தது அந்தப் பெயர். பக்கத்தில், அடக்கியவர் யார் என்ற இடத்தில், டவரின் பெயர்.

“அது எங்களுது,” என்றாள்.

“எது?”

“கிலுகிலுப்பை.”

டவர் திரையைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். “அது எப்படி உங்களுது? யாரு இப்படிப் பேரு வெப்பாங்க?”

மாப்பிள்ளைதான், ஏதோ தானே தப்புச் செய்துவிட்டவர் மாதிரி, தணிந்த குரலில் சொன்னார்.

“நீங்க வெச்ச பேருதான் மச்சான். அன்னைக்குச் சாப்பிடறப்ப சொன்னீங்களே. எங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கேக்கிறவங்க யாரும் மறக்க மாட்டாங்கன்னு அதையே கருவிக்கும் வெச்சிட்டோம். ஸ்டாலுக்கு மேல பெரிசா எழுதிப் போட்டிருக்கோமே. நீங்க பாக்கலையா?”

ஸ்டால் அந்த அறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. இரண்டு நாளில் டவர் அந்தப் பக்கம் ஒரு தடவைகூடப் போகவில்லை.

அவர் விசைப்பலகைக்குத் திரும்பினார். கிலுகிலுப்பை மேலிருந்து கையை எடுத்தார். திரையில் அந்த வரி சிவப்பிலிருந்து மாறியது. எதுவும் நடக்காததுபோல், வந்த கணமே, அது தன் பெல்ட்டைக் கூப்பிட ஆரம்பித்தது.

மாப்பிள்ளை காலையிலிருந்து விழுந்து விழுந்து ஓய்ந்திருந்தார். அவர் பின்னால் இருந்த நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

தோள்பையில் இருந்த பெட்டி அலறியது. அறையே அதிர்ந்தது. கதவுக்கு வெளியே யாரோ ஓடி வந்து நின்றார்கள். அது கணீரென்று, ஊரைக் கூட்டுகிற மாதிரியே, சொன்னது சொன்னபடி அடித்தது. மாப்பிள்ளை அவசரமாகப் பைக்குள் கையைவிட்டு அதை நிறுத்தத் தடுமாறினார். “மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க,” என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார். தங்கச்சி அதை வாங்கி நிறுத்தினாள்.

“அண்ணா, அந்தம்மா இன்னும் கட்டடத்துலதான் இருக்காங்க. சாப்பிட்டதும் கிளம்பிடுவாங்க. நீ எங்ககூட வா. ‘கருவியில கோளாறு இல்ல, நான்தான் அடக்கி வெச்சேன், என் தப்பு’ன்னு ஒரு வரி சொல்லு. நாங்க சொன்னா சாக்குன்னு நினைப்பாங்க. நீ சொன்னா நம்புவாங்க. ஒரு வரி போதும்.”

டவர் எழுந்தார். அப்புறம் நின்றார். செயலாளரின் செய்தி இன்னும் போனின் மேலாக இருந்தது. ஒப்பந்தத்தில் கூடாது என்று இருந்ததைச் செய்திருக்கிறார். அந்தம்மாவிடம் சொன்னால் அது செயலாளருக்குப் போகும், அரங்கத்துக்காரர்களுக்குப் போகும். தொழிலில் இருக்கிறவர்கள் வாய்க்கு அவலாகும். டவர் தன் தங்கச்சி நெட்வொர்க்கையே அடக்கிவிட்டார் என்று கேபிள் இழுக்கிற ஆட்கள்கூடப் பேசுவார்கள்.

“சொல்லலாம்மா, சொல்லாம என்ன,” என்றார். “ஆனா அதை அப்படிப் பச்சையா சொல்ல முடியாது பாரு. அவங்களுக்கு இதெல்லாம் புரியாது. பொதுவா சிக்னல் நெரிசல்னு சொல்லலாம். கூட்டம் அதிகம், அதனால எல்லாக் கருவிக்குமே இன்னைக்குக் கொஞ்சம்...”

தங்கச்சி போனை எடுத்தாள். எதையோ படிக்க ஆரம்பித்தாள்.

“ம்ம்,” என்றாள்.

“இல்ல, நான் என்ன சொல்றேன்னா, நானே ஒரு மெயில் போட்டுடறேன். மாநாடு முடியட்டும். அடுத்த வாரம் அவங்க ஆபீசுக்கே போய்ப் பேசிக்கலாம். எனக்கு அங்க ஆள் தெரியும்.”

“ம்ம்.”

“நீ தப்பா நினைக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பேனா? நீ பேரைச் சரியா சொல்லியிருந்தா...” அவருக்கே அந்த வாக்கியத்தை முடிக்க வாய் வரவில்லை. உயரமான ஆள் கொஞ்சம் குனிந்தார். அவள் முகத்தைப் பார்க்கக் குனிந்தார். அவள் முகமோ போனில் இருந்தது. “ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். ரொம்ப நல்லா எழுதியிருக்கே. நிஜமாத்தான் சொல்றேன். இத்தனை வருஷத்துல அந்த மாதிரி ஒண்ணை நான் பாத்ததே இல்ல. வேணும்னா இவங்களைக் கேளு, காலையிலயே சொன்னேன்.”

தங்கச்சி கட்டைவிரலால் திரையில் எதையோ ஓரமாகத் தள்ளினாள்.

“ம்ம்,” என்றாள்.

பொறியாளர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். “நான் வரேன் மேடம். அதைப் போட்டது என் கைதான். என்ன நடந்ததுன்னு என்னால சொல்ல முடியும்.” டவரிடம் கேட்கவில்லை. மூன்று பேரும் கதவை நோக்கி நடந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் வாசலில் திரும்பி, பழக்கத்தில், “வரோம் மச்சான்” என்றார்.

டவர் அவர்களிடம் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கூட்டம் மொத்தமும் சாப்பிடப் போயிருந்தது. அறையில் இருந்த ஆட்களும் ஏற்கெனவே ஒவ்வொருவராக நழுவியிருந்தார்கள். அரங்கில் ஒரு பீப்பாய் இல்லை. திரை ஒரு மூலை விடாமல் பச்சையாக இருந்தது. பார்க்க அவரைத் தவிர யாரும் இல்லை.